துண்டு போட்ட இடம்

தாரந்தோவில் வடமேற்குக் காற்று அடித்தால்
பள்ளிக்கூடம் கிடையாது.
தம்பூரி குடியிருப்பில் சன்னல்களை அடைத்துக்கொண்டு
பிள்ளைகள் சீட்டாடுகிறார்கள்.
எஃகு ஆலையின் செந்தூசி
கல்லறைத் தோட்டத்தையும் விடவில்லை.
அங்கே பளிங்குத் தேவதைகளுக்கெல்லாம்
வெற்றிலை போட்ட வாய்.

என் பெயர் நுன்சியா.
பாரி நகரத்து ஆய்வகமொன்றில்
ஈரல் செல்களுக்குச் சோறு போடுகிறவள்.
முப்பத்தேழு டிகிரிச் சூடு,
இரண்டு நாளைக்கொருமுறை இளஞ்சிவப்புத் திரவம்,
பிள்ளை வளர்ப்பதை விடக் கொஞ்சம் சுலபம்.

இந்தச் செல்களுக்கு ஒரு விசேஷம்.
மின்மினியிடம் கடன் வாங்கிய மரபணு
உள்ளே இருக்கிறது.
டையாக்சின் நுழைந்து,
காலியாய்க் கிடக்கும் ஏற்பியில் உட்கார்ந்து,
அதையும் இழுத்துக்கொண்டு உட்கருவுக்குள் போய்
உறங்கும் மரபணுக்களை
வேளைகெட்ட வேளையில் தட்டி எழுப்பும்.
அப்போது மின்மினியும் எழும்.
எத்தனை வெளிச்சமோ அத்தனை விஷம்.
எங்கள் வேலையில்
இருட்டுதான் நல்ல சேதி.

ஆலைக்குப் போகும் சாலையோரம்
சுண்ணாம்புக்கல் மதில்.
யாரும் நடாத, யாரும் நீர் ஊற்றாத
கேப்பர் செடி அதன் விரிசலில் தொங்குகிறது.
மொட்டிலேயே பறித்து உப்பில் போடுவோம்.
பூத்துவிட்டால் நாக்கு அதைச் சீந்தாது.
ஒரு பை நிறையப் பறித்துப் போனேன்.
கழுவினேன்.
மூன்றாவது தண்ணீரும் சிவந்தே வந்தது.

அரைத்து, வடித்து, அதிலிருந்த குவெர்செடினைப் பிரித்து
முதலில் அதைச் செல்களுக்குக் கொடுத்தேன்.
ஒரு மணி நேரம் கழித்து டையாக்சின்.

மறுநாள் காலை
கிண்ணத்தில் கால்வாசி வெளிச்சம்கூட இல்லை.

ஆகஸ்டு மாதம் எங்கள் ஊர்க்காரர்கள்
விடியுமுன் கடற்கரைக்கு ஓடிப்போய்
மணலில் துண்டைப் போட்டுவிட்டு வந்து
மறுபடி படுத்துக்கொள்வார்கள்.
அவ்வளவுதான் இந்த வேதியியல்.
செடி வந்து துண்டு போட்டுவிட்டது.
விஷம் நின்றுகொண்டே இருந்தது.

அண்ணன் கதால்தோவிடம் சொல்லியிருக்கக் கூடாது.
கல்கரி உலையில் பத்தொன்பது வருடம்.
"ஒரு நாளைக்கு எத்தனை மொட்டு?" என்றான்,
மாத்திரைக் கணக்குக் கேட்பவன் போல.
கிண்ணத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில்
குடல் இருக்கிறது, ஈரல் இருக்கிறது,
கிண்ணத்தில் நான் ஊற்றிய அளவு
ரத்தம் வரை போய்ச் சேராது,
சேர்ந்த கொஞ்சமும் நாளைக்கு இருக்காது,
டையாக்சினோ கொழுப்பில் குடியேறி
வருடக்கணக்கில் வாடகை தராமல் இருக்கும்
என்றெல்லாம் சொன்னேன்.
தலையாட்டினான்.
மாதம் நான்கு ஜாடி தின்றான்.
உப்பில் ரத்த அழுத்தம் எகிறி
மருத்துவர் திட்டியது என்னை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் கேட்காமலே,
வரிசையை மாற்றினேன்.
முதலில் டையாக்சின்.
பிறகு செடி.

கிண்ணம்
மாதா கோயில் திருவிழா போல் எரிந்தது.
இரண்டு மடங்கு ஊற்றிப் பார்த்தேன்.
ஐந்து மடங்கு.
உட்கார்ந்தது எழுந்திருக்கவில்லை.

முடிவை நோட்டில் எழுதினேன்.
தேதி போட்டேன்.
எண்களுக்குக் கீழே கோடும் போட்டேன்.
பத்தொன்பது வருடம் என்பதை மட்டும்
எங்கே எழுதுவதென்று தெரியவில்லை.

இரவு ஒன்பதுக்கு,
ஷிப்டுக்குக் கிளம்பும் முன்
வழக்கம்போல் அண்ணனின் போன்.
எதையோ மென்றுகொண்டே கேட்கிறான்:
"என்ன நுன்சியா, இன்றைக்கும்
விளக்கு அணைந்ததா?"

அணைந்தது என்றேன்.

எந்தக் கிண்ணம் என்று
அவனுக்குக் கேட்கத் தெரியாது.